அணிந்துரைக்காகக் காத்திருந்த மடு

ஒரு காட்டில் ஏழுபனை மடு என்ற பெயருடைய நீர்நிலை ஒன்று இருந்தது. அதைப் பற்றிய இக்கதையை முதன்முதலாகச் சொன்னவர் மெய்ப்புத் திருத்துநர் பரிபூரணத்தம்மாள். அவர் பேச்சில்கூடச் சந்திப்பிழை விடாதவர். ஆதலின் கதையில் வரும் செய்திகளையும் பிழையற்றவை என்றே கொள்ளலாம்.

மடுவின் பெயரில் ஏழு பனை இருந்ததே தவிர, அதன் ஆழம் இரண்டு பனைக்கு மேல் இராது. ஆயினும் எந்தக் கோடையிலும் வற்றாதது. அதன் கரையில், நீர்மருத மரத்தின் வேர்களுக்கு இடையே இருந்த வளையில், அல்லியங்கோதை என்னும் நீர்நாய் தன் கணவன் கெண்டையப்பனோடும் நான்கு குட்டிகளோடும் வாழ்ந்துவந்தாள்.

காலம் கெட்டுக் கிடந்தது. ஆடிக்காற்று புரட்டாசியில் வீசிற்று. ஐப்பசி முழுவதும் பெய்ய வேண்டிய மழை, ஒரே பிற்பகலில் பெய்து முடித்துவிட்டுப் போயிற்று. சில ஆண்டுகளில் அந்தப் பிற்பகலும் வரவில்லை. விலங்குகள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் பருவநிலை நாள் கொண்டாடினார்கள், பேச்சுப்போட்டி வைத்தார்கள், முதற்பரிசு பெற்ற குரங்குக்கு ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். குரங்கு அதை மேடையிலேயே தின்றுவிட்டது.

அந்நிலையில், குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வந்த கிளுவைப் பறவைகள் ஒரு செய்தி கொண்டுவந்தன. வழியில் ஒரு காட்டில் சிந்திக்கும் இயந்திரம் ஒன்றை நிறுவியிருக்கிறார்களாம். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லுமாம். ஆனால் சிந்திக்கச் சிந்திக்க அதன் தலை கொதிக்குமாம். குழாய் வைத்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அக்காட்டின் ஏரியில் இப்போது மான்குட்டிகள் பந்து விளையாடுகின்றனவாம்.

"இங்கேயும் வரப்போகுது அக்கா," என்றது ஒரு கிளுவை. "உங்க மன்றத் தலைவர் நேர்ல வந்து பார்த்தார். ரெண்டு கேள்வி கேட்டார். ரெண்டுக்கும் அது அவரைப் பாராட்டிச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டார்."

மன்றத் தலைவர் யானை பெருங்கையார். அவர் முடிவு செய்துவிட்டாலும் முறை என்று ஒன்று உண்டு அல்லவா? மடுவை இயந்திரத்துக்கு விட்டுக்கொடுப்பதா, கூடாதா என்பதை வரும் ஐப்பசியில் எல்லா விலங்குகளும் கூடி வாக்களித்துத் தீர்மானிக்கும் என்று அறிவிப்புச் செய்திருந்தார்.

அல்லியங்கோதை நேரே அவரிடம் போய் முறையிட்டாள்.

பெருங்கையார் காதுகளை மெல்ல ஆட்டினார். "அம்மணி, முறையீடு என்று வந்தால் நான் மன்றத் தலைவர். எனக்கு நேரமில்லை. இலக்கியம் என்று வந்தால் நான் சுவைஞன். நேரம் கொட்டிக் கிடக்கிறது. சொல்ல வந்ததைக் கதையாக எழுதுங்கள்."

அக்காட்டின் நடைமுறையே அதுதான். குறை சொன்னவரை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதே குறையை நாவலாக எழுதியவருக்குப் பொன்னாடை உண்டு.

அல்லியங்கோதை எழுதினாள். தேக்கிலைகளை நிழலில் உலர்த்தி, முள்ளம்பன்றியிடம் நல்ல முள்ளாக ஒன்றைக் கேட்டு வாங்கி, மார்கழி முழுவதும் வளையை விட்டு வெளியே வராமல் எழுதினாள். நாவலின் பெயர் 'கொதிக்கும் தலை'. நூறு ஆண்டுகளுக்குப் பின் நடப்பதாகக் கதை. அதில் ஓர் இயந்திரம் வருகிறது. 'மடுவைக் காப்பது எப்படி?' என்று விலங்குகள் அதனிடம் கேட்கின்றன. இயந்திரம் மிகுந்த அக்கறையோடு அதைப் பற்றிச் சிந்திக்கிறது. சிந்தித்து முடிக்கும்போது மடு இல்லை.

தை பிறந்ததும் கெண்டையப்பனிடம் படிக்கக் கொடுத்தாள். அவன் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு முகம் வாடி வந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கோதை. ஆனா இதுல வர்ற நீர்நாயோட புருஷன் எடுத்த எடுப்புலயே ஏன் செத்துப்போறான்?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சுங்க."

"கேட்டிருந்தா ரெண்டாவது அத்தியாயம் வரைக்கும் தாக்குப்பிடிச்சிருப்பேனே," என்று சொல்லி அவன் மீன் பிடிக்கப் போய்விட்டான். மற்ற அத்தியாயங்களை அவன் தொடவில்லை.

அல்லியங்கோதை அதற்காக வருந்தவில்லை. ஐப்பசிக்கு முன் நூல் வெளிவர வேண்டும். காட்டில் பாதிப் பேர் படித்தாலும் வாக்கு மடுவின் பக்கம் திரும்பிவிடும். வெளிவராவிட்டால் நான்கு குட்டிகளும் நீந்தக் கற்ற இடத்தில் நடக்கக் கற்க வேண்டியிருக்கும். அவளுடைய கவலை இவ்வளவுதான்.

பதிப்பகம் நடத்திவந்தவன் வெண்சிறகன் என்னும் கொக்கு. ஏடுகளைப் புரட்டிப் பார்த்தான். முன்னும் பின்னும் தேடினான்.

"அம்மா, அணிந்துரை எங்கே?"

"இன்னும் வாங்கலை, தம்பி. கதையை முதல்ல பாருங்க."

"கதை கடைசியில வர்றதும்மா. அதைக் கடைசியில பார்த்துக்கலாம்."

அவன் சொன்னதில் தவறில்லை. அக்காட்டில் ஒரு நூலின் தொடக்கத்தில் மூத்தவர் ஒருவரின் அணிந்துரை இருக்க வேண்டும். அடுத்து, அவரைவிடச் சற்றே இளையவரும் அவரை அறவே பிடிக்காதவருமான ஒருவரின் வாழ்த்துரை. பின்னர் பதிப்புரை. அதன் பின்னர் என்னுரை. இதற்குப் பிறகும் தாள் மீதமிருந்தால் கதை. ஒருமுறை, விவரம் தெரியாத முயல் ஒன்று அணிந்துரை இல்லாமல் நூல் கொண்டுவந்தது. அதைக் கையில் எடுத்த கரடி, "பாவம், இதுக்கு யாரையுமே தெரியாது போலிருக்கு," என்று கண்கலங்கிக் கீழே வைத்துவிட்டது. முயல் அதன்பின் எழுதவில்லை.

"ஐப்பசிக்குள்ள வந்தாகணும், தம்பி. குட்டிங்க விஷயம்."

"அணிந்துரை வந்த மறுநாளே அச்சுக்கு அனுப்பிடுவேன். இல்லாம முடியாதும்மா," என்று ஒற்றைக்காலில் நின்றான் வெண்சிறகன்.

அல்லியங்கோதை ஏடுகளைச் சுமந்துகொண்டு பெருங்கையாரிடம் போனாள். அவர் துதிக்கையால் ஏட்டுக்கட்டை வாங்கினார். மேலும் கீழுமாக இரண்டு முறை அசைத்துப் பார்த்தார்.

"கனமான படைப்பு," என்றார்.

"படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க, ஐயா."

"படிப்பவர்கள் பலர் இருப்பார்கள், அம்மணி. எடை போடுபவர்கள் சிலர்தாம். சித்திரை கழியட்டும். தந்துவிடுகிறேன்."

வாழ்த்துரைக்கு மயில் தோகையாரை நாடினாள். அவர் கவிஞர். மழைக்கு முன் ஆடுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மழை எப்போது வரும் என்று தெரியாமல் ஆடுவது தம் தகுதிக்கு ஏற்றதன்று என்று சொல்லிவிட்டார். 

"பெருங்கையார் எத்தனை பக்கம் தருகிறார்?" என்று முதற்கேள்வி கேட்டார்.

"இன்னும் எழுதலைங்க, கவிஞரே."

"எழுதட்டும். அவர் எத்தனை தருகிறாரோ, அதைவிட ஒரு பக்கம் கூடுதலாகத் தருகிறேன். குறைவாகத் தந்தால் எனக்கும் நன்றாக இராது, உங்களுக்கும் நன்றாக இராது."

சித்திரை கழிந்தது. அல்லியங்கோதை போனபோது, பெருங்கையார் தலைப்பை யோசித்துக்கொண்டிருந்தார். வைகாசி கழிந்தது. தலைப்பு கிடைத்துவிட்டது, அது 'அணிந்துரை'. ஆனி பிறந்தபோது, முதல் வரிக்கு ஏற்ற மனநிலை இன்னும் வாய்க்கவில்லை என்று சொல்லியனுப்பினார்.

கெண்டையப்பன் சிரித்தான். "யானை ஆசீர்வாதம் பண்ணும், கோதை. எழுதிக் கொடுத்து யாராவது பார்த்திருக்காங்களா?"

"நீங்க சும்மா இருங்க. பெரியவங்க கையெழுத்து இல்லாம ஒருத்தரும் நூலைத் தொட மாட்டாங்க."

"நான் தொட்டேனே."

"நீங்க முதல் அத்தியாயத்தோட கோவிச்சுக்கிட்டுப் போனவர்."

ஆடி மாதத்தில் இரண்டு எருமைகளின் முதுகில் இயந்திரம் வந்து சேர்ந்தது. அளவில் ஒரு கரையான் புற்றளவு இருந்தது. வெயில் அதற்கு உணவு. அதை மடுவின் கரையில், நீர்மருத மரத்துக்கு எதிரே இறக்கி, அதன் வயிற்றிலிருந்து ஒரு குழாயை எடுத்து நீருக்குள் விட்டார்கள். விலங்குகள் அதைப் பெட்டியார் என்று அழைத்தன.

அல்லியங்கோதை ஓடினாள். "ஐயா, வாக்கெடுப்பு ஐப்பசியில்னு சொன்னீங்களே!"

"இப்போதும் அதையே சொல்கிறேன்," என்றார் பெருங்கையார். "மடுவை எவருக்கும் தரவில்லை. இது வெறும் வெள்ளோட்டம். மடு உங்களுடையது. அதிலுள்ள நீரை மட்டும் கைமாற்றாக வாங்கிக்கொள்கிறோம்."

விலங்குகள் வரிசையில் நின்றன. தான் ஏன் எப்போதும் ஓடுகிறோம் என்று மான் கேட்டது. "மிக ஆழமான கேள்வி," என்றார் பெட்டியார். குழாய் 'களக்' என்றது. போன ஆண்டு புதைத்த கொட்டைகள் எங்கே என்று அணில் கேட்டது. பெட்டியார் ஐயத்துக்கு இடமின்றிப் பதினோர் இடங்களைச் சொன்னார். அணில் பதினொன்றையும் தோண்டியது. எங்கும் கொட்டை இல்லை. ஆயினும் இத்தனை மரியாதையாகத் தன்னிடம் எவரும் பேசியதில்லை என்று நெகிழ்ந்து, மறுநாளும் வரிசையில் நின்றது.

நீர் இறங்கியது. ஆனால் மெதுவாகவே இறங்கியது. ஐப்பசி வரை தாங்கும் என்று அல்லியங்கோதை எண்ணினாள். பெட்டியாருக்கு எழுதவும் தெரியும் என்பதைப் பெருங்கையார் கண்டுபிடிக்கும் வரையில் அவ்வெண்ணம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு காலை அவள் வேர்களுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, பெருங்கையார் அவளுடைய நாவலின் ஏடுகளைப் பெட்டியாரின் வாயில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். கடைசி ஏடு போனதும் பெட்டியார் பேசினார்.

"அணிந்துரை ஆயத்தம், ஐயா. இரண்டு பக்கம்."

"அதில் நூலாசிரியரைப் பற்றி எவ்வளவு இருக்கிறது?"

"நாற்பது வரிகள்."

"என்னைப் பற்றி?"

"இரண்டு வரிகள், ஐயா."

"மாற்றிப் போடுங்கள்."

"மிக நுட்பமான பார்வை," என்றார் பெட்டியார். குழாய் 'களக் களக்' என்றது. கரையோரத்தில் இருந்த அல்லி இலைகள் ஒரு விரற்கடை கீழே இறங்கின.

பெருங்கையார் தம் இளமைக்காலத்தைச் சேர்க்கச் சொன்னார். தாம் சாய்த்த மரங்களைச் சேர்க்கச் சொன்னார். பிறகு, மரங்களைச் சாய்த்ததற்காக வருந்தியதையும் சேர்க்கச் சொன்னார். அணிந்துரை பத்துப் பக்கமாயிற்று. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் தோகையார் இந்தப் பக்கமிருந்து வந்தார்.

"யானை எத்தனை?"

"பத்து, கவிஞரே."

"எனக்குப் பதினொன்று."

செய்தி பெருங்கையாரின் காதுக்கு எட்டியது. அந்தக் காது பெரியது. மறுநாள் அணிந்துரை பதினைந்து பக்கமாயிற்று. மாலைக்குள் வாழ்த்துரை பதினாறாயிற்று. ஆவணி முழுவதும் இப்படியே போயிற்று. மடுவின் நடுவே, எவரும் அதுவரை கண்டிராத ஒரு பாறை தலைநீட்டியது. குட்டிகள் அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடின. சில நாள்களில் சறுக்கினால் சேற்றில் விழுந்தன.

"கோதை, தண்ணி முழங்கால் அளவுக்கு வந்துருச்சு," என்றான் கெண்டையப்பன். அவன் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "போய் நிறுத்தச் சொல்லு. உன் நாவலுக்குத்தானே எழுதுறாங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திட்டுப் போறாங்க."

"வேண்டாம்னு சொன்னா அணிந்துரை இல்ல. அணிந்துரை இல்லன்னா நூல் இல்ல. நூல் இல்லன்னா மடு போயிரும்."

"மடு இப்பவே போயிட்டிருக்கே!"

"அதனாலதாங்க சீக்கிரம் முடிக்கணும்கிறேன்."

ஆயினும் அவள் மறுநாள் பெட்டியாரிடம் போனாள். நிறுத்திவிடச் சொல்லும் உறுதியோடுதான் போனாள்.

"பெட்டியாரே, இந்த மடுவைக் காக்க என்ன வழி?"

"மிக இன்றியமையாத கேள்வி," என்றார் பெட்டியார். குழாய் நெடுநேரம் உறிஞ்சியது. "ஏழு வழிகள் உள்ளன. முதலாவது, இத்தகைய கேள்விகளை என்னிடம் கேளாதிருத்தல். மற்ற ஆறையும் விளக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று பதறினாள். திரும்பி நடந்தாள். இரண்டடி போய் நின்றாள். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என் நாவலைப் படிச்சீங்களா?"

"முழுவதும் படித்தேன், அம்மா. இரண்டு முறை."

அல்லியங்கோதை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தை மாதம் முதல் அந்த நாவலை எடை போட்டிருக்கிறார்கள், பக்கம் எண்ணியிருக்கிறார்கள், முன்னும் பின்னும் புரட்டியிருக்கிறார்கள். முழுவதும் படித்தவர் இவர் ஒருவர்தாம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நான்காம் அத்தியாயத்தில் கடைசிக் கெண்டை மீனைப் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று தாய் நீர்நாய் தயங்கும் இடம் மிகச் சிறப்பு. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு தகவற்பிழை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு குடம் நீர் தேவை என்று குறித்திருக்கிறீர்கள். ஒன்றரைக் குடம் தேவை."

"அப்படியா! பிழையோடு நூல் வரக் கூடாதே."

"திருத்தித் தரட்டுமா?"

"தாங்க."

குழாய் 'களக்' என்றது. ஒன்றரைக் குடம் போயிற்று.

பின்னர் அவள் அணிந்துரையைக் காட்டச் சொன்னாள். அதில் அவளை 'வளர்ந்துவரும் இளம் படைப்பாளி' என்று குறிப்பிட்டிருந்தது. நான்கு குட்டி பெற்றவளை இளம் படைப்பாளி என்பதா? மாற்றச் சொன்னாள். 'மூத்த படைப்பாளி' என்று வந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. 'முதிர்ச்சியான' என்று வந்தது. 'பக்குவப்பட்ட' என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் குழாய் ஒலித்தது. வாழ்த்துரையில் அவளுடைய பெயர் ஒரே இடத்தில்தான் வந்தது. அதை மூன்றாக்கச் சொன்னாள். பேச்சுவாக்கில் நான்காம் அத்தியாயத்தைப் பற்றி மறுபடியும் சொல்லச் சொன்னாள். பெட்டியார் வேறு சொற்களில் சொன்னார். அவை முன்னதைவிட நன்றாக இருந்தன.

உச்சி வெயிலில் கெண்டையப்பன் தேடிக்கொண்டு வந்தான். வந்தவன் கால் நனையாமலே வந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க," என்றாள் அல்லியங்கோதை. "'பக்குவப்பட்ட'னே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

புரட்டாசி இறுதியில் எல்லாம் முடிந்தது. பெருங்கையாரின் அணிந்துரை முப்பது பக்கம். தோகையாரின் வாழ்த்துரை முப்பத்தொன்று. பெருங்கையார் முப்பத்திரண்டாவது பக்கத்துக்கு ஏடு எடுத்துக்கொண்டு வந்தபோது குழாய் காற்றை உறிஞ்சி விக்கியது. பெட்டியார், "இதுவரை ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி. உங்களுக்கு வேறு ஏதேனும் உதவி..." என்று தொடங்கி அத்துடன் நின்றுவிட்டார். அவரை எருமைகள் ஏற்றிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போயின. அங்கே ஓர் அருவி இருப்பதாகச் சொன்னார்கள்.

வெண்சிறகன் சொன்ன சொல் தவறாதவன். மறுநாளே அச்சுக்கு அனுப்பினான். தாள் பற்றாக்குறையால் கதையைச் சற்றுச் சிறிய எழுத்தில் போட வேண்டியதாயிற்று. அணிந்துரை, வாழ்த்துரை இரண்டையும் தள்ளி நின்றே படிக்கலாம்.

ஐப்பசியில் மன்றம் கூடியது. 'ஏழுபனை மடுவை விட்டுக்கொடுப்பதா, கூடாதா' என்ற பொருள் விவாதத்துக்கு வந்தது. உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அப்படி ஒரு மடு இல்லை என்று உறுதி செய்தார்கள். இல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்கவும் முடியாது, விட்டுக்கொடுக்க மறுக்கவும் முடியாது என்பதால் பொருள் ஒருமனதாகக் கைவிடப்பட்டது. காட்டின் நெடுநாள் சிக்கல் ஒன்று எவர் மனமும் நோகாமல் தீர்ந்தது என்று பெருங்கையார் மகிழ்ச்சி தெரிவித்தார்.

அன்று மாலையே நூல் வெளியீட்டு விழா. நல்ல பள்ளமான இடமாகவும், சுற்றிலும் படிபோல் உட்கார வசதியாகவும் இருந்ததால் மடுவுக்குள்ளேயே மேடை போட்டார்கள். பாறையின்மேல் ஒலிபெருக்கி வைத்தார்கள். கூட்டம் நன்றாகக் கூடியது.

தோகையார் தோகையை விரித்துக்கொண்டு பேச எழுந்தார். அவர் நாவலைப் படிக்கவில்லை. ஆனால் பெட்டியார் பத்து வரியில் சுருக்கித் தந்திருந்தார்.

"அட்டையில் எதிர்கால நாவல் என்று போட்டிருக்கிறது, அன்பர்களே. உள்ளே என்ன இருக்கிறது? ஓர் இயந்திரம் வருகிறது. நீரைக் குடிக்கிறது. மடு வற்றுகிறது. இதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? போன ஆவணியில் நாம் கண்ணால் கண்டதுதானே! நடந்ததைப் பார்த்து எழுதிவிட்டு, நடக்கப்போவதாகச் சொல்வது எழுத்தாளருக்கு அழகா?"

கூட்டம் கைதட்டியது. அணில் மட்டும், "பெட்டியார் இருந்திருந்தா அவரையே கேட்டிருக்கலாம்," என்று பெருமூச்சு விட்டது.

மேடைக்குப் பின்னால் வெண்சிறகன் அல்லியங்கோதையின் காதருகே குனிந்தான்.

"அம்மா, வரலாற்று நாவல்னு ஒரு சீட்டு அடிச்சு அட்டை மேல ஒட்டிரலாம். நடக்கும்னு எழுதினதையெல்லாம் நடந்துச்சுன்னு அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். வரலாற்று நாவலுக்கு மன்றப் பரிசு இருக்கு. எதிர்காலத்துக்கு ஒண்ணும் கிடையாது."

"நான் தை மாசமே எழுதி முடிச்சுட்டேனே, தம்பி! உங்ககிட்டதானே கொண்டுவந்து கொடுத்தேன்?"

"கொடுத்தீங்கம்மா. நான் அணிந்துரை இருக்கான்னுதானே பார்த்தேன்? உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? படிச்சவர் ஒருத்தர்தான். அவரும் எருமை மேல ஏறிப் போயிட்டார்."

அல்லியங்கோதை கூட்டத்தைப் பார்த்தாள். அத்தனை விலங்குகளும் நூலைக் கையில் வைத்திருந்தன. அணிந்துரையில் தம் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தன. அவள் மெல்லத் தலையசைத்தாள். சீட்டு ஒட்டப்பட்டது. சிறந்த வரலாற்று நாவலுக்கான மன்றப் பரிசு அங்கேயே அறிவிக்கப்பட்டுப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

அவள் ஏற்புரைக்கு எழுதிவைத்திருந்தது ஓர் எச்சரிக்கை. எதைக் குறித்து எச்சரித்திருந்தாளோ, அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஆகவே ஏட்டை மடித்துவிட்டு, அணிந்துரை தந்தவருக்கும் வாழ்த்துரை தந்தவருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லி அமர்ந்தாள். மிகச் சிறந்த உரை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

கரையின்மேல் கெண்டையப்பன் நின்றிருந்தான். தலையில் ஒரு மூட்டை. பக்கத்தில் நான்கு குட்டிகள். நாக்கு உலர்ந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவன் குட்டிகளோடு மேடையோரம் இறங்கி வந்தான்.

"கோதை, ஆத்துக்கு வழி காட்டுறேன்னு கிளுவை சொல்லுது. பொழுது சாயறதுக்குள்ள கிளம்பணும். வரியா, இல்லையா?"

"இன்னும் நன்றியுரை ஒண்ணுதாங்க பாக்கி."

கடைக்குட்டி அவளுடைய தோளைத் தொட்டுப் பார்த்தது. "அம்மா, இது என்ன துண்டு?"

"துண்டு இல்லடா, பொன்னாடை."

"இதுல ஈரம் இருக்கா? உறிஞ்சிக்கட்டுமா?"

அல்லியங்கோதை எழுந்தாள். பொன்னாடையைக் கழற்றினாள். கழற்றிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியின் முன் போய் நின்றாள். அந்த ஆண்டில் அவள் கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டது அது ஒன்றுதான்.

"ஐயா, கைமாற்றா வாங்கின தண்ணியை எப்பத் தருவீங்க? என் பிள்ளைங்களுக்குத் தாகமா இருக்கு."

பெருங்கையார் சற்றும் கலங்கவில்லை. தலைவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். எழுந்து நின்று, மேசைமேல் விருந்தினர்களுக்காக வைத்திருந்த தண்ணீர்ப் புட்டிகளில் ஒன்றைத் துதிக்கையால் எடுத்தார். மூடி திறக்காததா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திறக்காததுதான்.

"இந்த மேடையிலேயே, அனைவர் முன்னிலையிலும், கடன் திருப்பித் தரப்படுகிறது!" என்று முழங்கி, புட்டியை அவள் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது புகைப்படத்துக்காக ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. அதற்குள் கடைக்குட்டி மூடியைக் கடித்துத் திறந்துவிட்டது. குட்டிகள் நான்கும் ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்தன. கெண்டையப்பன் வேண்டாம் என்று தலையாட்டினான். அல்லியங்கோதை புட்டியைத் திருப்பி, அதன் வயிற்றில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த அளவைப் படித்தாள். பின்னர் மூட்டையை அவன் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினாள். நன்றியுரை அவள் இல்லாமலே நடந்தது.

நீதி: வரப்போவதை எச்சரித்து நாவல் எழுதுவோர் அணிந்துரைக்குப் பொறுமையோடு காத்திருத்தல் வேண்டும். காத்திருந்தால் வரலாற்று நாவலுக்கான பரிசு தானே வந்து சேரும். கைமாற்றாகக் கொடுத்த மடுவும் ஒரு சொட்டுக் குறையாமல் திரும்பக் கிடைக்கும், முந்நூறு மில்லி லிட்டர்.